போடியில் நான் சூடுபண்ணிய நேற்றைய பீட்சா

ஒரு பொருளை விற்கப் போய், அந்தப் பொருள் யாருக்கும் தேவையே இல்லை என்று ஊரறிய நிரூபித்துவிட்டு வருவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருபத்திரண்டு வயதிலேயே கைகூடிவிட்டது. இதைச் சொல்லிக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. படவேண்டிய வெட்கத்தை எல்லாம் அந்த ஒரே காலைப்பொழுதில் மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

தேனியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கீழ்த்தளத்தில் குக்கர், தோசைக்கல், பாத்திர பண்டங்கள். மாடியில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் ஓவன். நான் மாடி. (மாடியில் ஏசி உண்டு, கீழே மின்விசிறிதான். ஆகவே மாடிக்காரர்களுக்குக் கீழ்த்தளத்துக்காரர்களைக் கண்டால் லேசான இளக்காரம். எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.) ஓவன் கம்பெனிக்காரர்கள் மதுரையில் நடத்திய ஒருநாள் பயிற்சிக்குக் கடையிலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். திரும்பி வரும்போது என் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'டெமோ எக்ஸிகியூட்டிவ்'. அந்த அட்டையோடு பஸ்ஸில் வந்தேன், அந்த அட்டையோடு சாப்பிட்டேன். தூங்கும்போது மட்டும் கழற்றித் தலைமாட்டில் வைத்தேன் என்று நினைக்கிறேன், அதுவும் நிச்சயமில்லை.

கடை முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு புது ஆர்வம் பிடித்திருந்தது. கடைக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, அதில் 'லைவ்' போடக் கற்றுக்கொண்டிருந்தார். கடையைத் திறந்தால் லைவ், புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கினால் லைவ். பக்கத்து டீக்கடைக்காரருக்குக் கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்து மூடிக் காட்டியதைக்கூட லைவ் போட்டார். சொந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களும் அவர் மனம் நோகக் கூடாதே என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

இந்த நிலையில்தான் ஒருநாள் போடியிலிருந்து பாக்கியம் அம்மா எங்கள் கடை மாடிக்கு ஏறி வந்தார். அவருடைய கணவர் குருசாமி அய்யா போடியில் பேர்போன ஏலக்காய் வியாபாரி. பாக்கியம் அம்மா ஓவன்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, ஒரேயொரு கேள்விதான் கேட்டார். முதல்நாள் வாங்கிய பீட்சாவை இதில் சூடு பண்ணினால் நன்றாக இருக்குமா?

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் லீவுக்கு வந்தபோது அப்பாவுக்குப் பீட்சாவைப் பழக்கிவிட்டாள். மகள் படிக்கத் திரும்பிவிட்டாள், பழக்கம் போடியிலேயே தங்கிவிட்டது. அய்யா வேலையாகத் தேனிக்கு வரும்போதெல்லாம் பெரிய பீட்சா ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். பாதியை அன்றைக்குச் சாப்பிடுவார். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, மறுநாள் பதினோரு மணிக்கு அடுப்படிக்குள் நுழைந்து தோசைக்கல்லில் போட்டுச் சூடு பண்ணுவார். அடுப்படிக்குள் நுழைவது பாக்கியம் அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. அந்தக் கல்தான் பிரச்சினை.

"அந்தச் சீசு உருகி கல்லுல அப்பிக்கிருது பாப்பா. மறுநா தோச ஊத்துனா எடுக்க வரமாட்டேங்குது. எத்தன வருசமாப் பழக்கி வச்ச கல்லு தெரியுமா? எனக்கு ஓவன்மேல ஆசையெல்லாம் இல்ல. கல்லக் காப்பாத்தணும், அம்புட்டுத்தேன்."

அய்யா சும்மா வாங்கித் தர மாட்டாராம். ஓவன்காரர்கள் வீட்டுக்கே வர வேண்டும், பழைய பீட்சாவைச் சூடு பண்ணிக் காட்ட வேண்டும், அது தன் கல்லில் வருவதுபோல வர வேண்டும். வந்தால் வாங்கிக்கொள்வாராம்.

பயிற்சியில் எனக்குக் கேக், பாப்கார்ன், கத்தரிக்காய் சுடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பீட்சாவைப் பற்றி யாரோ ஒருவர் கேட்டதும் பயிற்சியாளர் ஏதோ பதில் சொன்னதும் நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் நான் என் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பாக்கியம் அம்மாவிடம், "கல்லோட இத ஒப்பிடவே கூடாதும்மா. இப்பத்தேன் கடையிலருந்து எடுத்துட்டு வந்த மாதிரி இருக்கும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மைக்ரோவேவில் நான் அதுவரை ஒரு டம்ளர் தண்ணீரைத் தவிர வேறெதையும் சூடாக்கியதில்லை.

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. குருசாமி அய்யா ஓவன் வாங்கினால் அந்தத் தெருவே வாங்கும் என்றார். இந்த டெமோ நல்லபடியாக முடிந்தால் என்னைக் கடையில் நிரந்தரமாக்கிவிடுவதாகவும் சொன்னார். கடைசியாக இன்னொரு செய்தியையும் சொன்னார். டெமோவை லைவில் போடப் போகிறோம். அவருடைய சொந்த ஃபோனையே என்னிடம் தருவார். பேசப்போவது நான்தான்.

முதல்நாள் சாயங்காலம் கடைச் செலவில் ஒரு பெரிய பனீர் பீட்சா வாங்கிக்கொண்டு அல்லிநகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனேன். எட்டுத் துண்டில் நான்கு டெமோவுக்கு, நான்கு எங்களுக்கு. எங்கள் வீட்டுக்குள் பீட்சா நுழைவது அதுதான் முதல் தடவை. மில்லிலிருந்து வந்த அப்பா, குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டை இலையில் வைத்ததும் இதற்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டார். ஒன்றும் கிடையாது என்றேன். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காலையில் வைத்த தக்காளிச் சட்னி மிச்சம் இருந்தது, அம்மா அதை ஊற்றினார். "இப்பத்தேன் ஒரு இதுக்கு வருது" என்று அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார்.

மீதி நான்கு துண்டுகளையும் வாங்கிவந்த அட்டைப்பெட்டியிலேயே மூடி, ஃப்ரிட்ஜில் வைக்கும்படி அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் சுடிதாரை இஸ்திரி போடப் போய்விட்டேன். வாழ்க்கையின் மிகப் பெரிய தவறுகளைச் செய்யும்போது நம் கையில் எப்போதும் வேறு ஏதாவது வேலை இருக்கும்.

எங்கள் ஃப்ரிட்ஜைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றைக் கதவு. கீழே இட்லி மாவு. நடுவில் பால், மோர், மூடி தொலைந்துபோன இரண்டு கிண்ணங்களில் குழம்பு. மறுநாள் சித்தி மகளுக்கு வளைகாப்பு என்பதால் அன்றைக்கு மேல்தட்டு முழுக்க மல்லிகைப்பூ. ஈரத்துணியில் சுற்றிய பந்து பந்தான மல்லிகை. கதவைத் திறந்தால் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததுபோல வாசனை ஆளைத் தள்ளும். அதில் பீட்சாப் பெட்டியைப் படுக்க வைக்க இடமே இல்லை. அம்மா கெட்டிக்காரி. பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தி, மேல்தட்டில் பூவோடு பூவாகச் சொருகி, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் பூப்பந்தை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டார். அதை என்னிடம் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமாக அவர் நினைக்கவில்லை.

காலையில் கடையின் லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. பின்னால் புது ஓவன், முன்னால் டிரைவர் செந்தில் அண்ணன், பக்கத்தில் நான். என் மடியில் அம்மா எடுத்துக்கொடுத்த பீட்சாப் பெட்டி, பெட்டிமேல் அண்ணாச்சியின் ஃபோன், கழுத்தில் அட்டை. போடி ரோட்டில் காற்று முகத்தில் அடிக்க அடிக்க, என்ன பேசுவது என்று எனக்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'வணக்கம் நேயர்களே' என்று ஆரம்பிப்பதா, 'ஹலோ வியூவர்ஸ்' என்று ஆரம்பிப்பதா என்பதில் மட்டும் கோடாங்கிபட்டி வரை முடிவு வரவில்லை. செந்தில் அண்ணன், ஏதோ பூ வாசம் தூக்குகிறதே என்றார். என் தலையில் வைத்திருக்கும் பூ என்று நினைத்துப் பெருமையாகச் சிரித்தேன். தலையில் நான் பூவே வைத்திருக்கவில்லை என்பது அந்தப் பரபரப்பில் எனக்கு உறைக்கவில்லை.

குருசாமி அய்யா வீட்டுக் கூடத்தில் ஏலக்காய் வாசம் தூண் தூணாக நின்றது. அய்யா நல்ல ஆகிருதி, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். சோபாவில் உட்கார்ந்தபடி என்னையும் ஓவனையும் அட்டையையும் வரிசையாகப் பார்த்தார். என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார், பி.காம் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார். பாக்கியம் அம்மா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, பார்த்துப் பண்ணு என்று கண்ணைக் காட்டினார். அந்த நிமிடமே நாங்கள் இருவரும் ஒரு கட்சி ஆகிவிட்டோம். வாஷிங் மெஷினுக்குப் போட்ட பவர் பிளக் கூடத்தை ஒட்டியே இருந்தது. ஓவனை ஒரு மேசைமேல் வைத்து இணைப்புக் கொடுத்துவிட்டு, செந்தில் அண்ணன் வேறொரு வீட்டுக்கு வாஷிங் மெஷின் இறக்கப் போய்விட்டார்.

ஃபோனை அலமாரியில் சாய்த்து வைத்தேன். லைவ் பொத்தானை அழுத்தினேன். பார்க்கிறவர்களின் எண்ணிக்கை மேலே ஏற ஏற என் குரலும் ஏறியது.

"வணக்கம் வியூவர்ஸ் நேயர்களே" என்றேன். (கடைசிவரை முடிவெடுக்காததன் பலன்.)

நேற்று வாங்கிய பீட்சா இன்றைக்கு எப்படிப் புதிதாக மாறப்போகிறது பாருங்கள் என்று சொல்லி, கேமராவுக்கு நேராகப் பெட்டியைத் திறந்தேன்.

போடிமெட்டு மலைப்பாதையில் மழைக்காலத்தில் மண்சரிவு பார்த்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பனீர், குடைமிளகாய், வெங்காயம், சீஸ் எல்லாம் ஒட்டுமொத்தமாகச் சரிந்து பெட்டியின் ஓரத்தில் ஒரு குன்றாகக் குவிந்து உறைந்திருந்தன. மேட்டுப் பக்கம் மொட்டை ரொட்டி. அதில் தக்காளிச் சாறு ஓடிய தடம் மட்டும் இருந்தது. ஈரத்துணித் தண்ணீர் இறங்கியதில் அட்டை ஒரு பக்கம் கூழாகி ரொட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியிலிருந்து புறப்பட்ட மல்லிகை வாசம் அந்தக் கூடத்தின் ஏலக்காய் வாசத்தையே ஓரங்கட்டியது.

குருசாமி அய்யா சோபாவிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"ஏம்மா, தேனியில இப்ப பீட்சாவுக்குப் பூவும் வக்கிறாகளா?"

குரலில் கேலியே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இது மூலிகை வகை என்று சொல்லிவிட்டேன். எப்படி அந்த வார்த்தை என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஒட்டிய அட்டையைச் சுரண்டிவிட்டு, கையால் பனீரையெல்லாம் அள்ளி நான்கு துண்டுகளுக்கும் பங்கிட்டேன், சத்துணவுக் கூடத்தில் முட்டை பங்கிடுவதுபோல. பாக்கியம் அம்மா உதவிக்கு ஓடிவந்தார். சூடு பண்ணும்போது பக்கத்தில் தண்ணீர் வைத்தால் ரொட்டி காயாது என்று எங்கேயோ கேட்டதாகச் சொல்லி ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குள் டெமோ எக்ஸிகியூட்டிவ் விழித்துக்கொண்டாள். டம்ளரைக் கேமராவுக்கு நேராக உயர்த்திப் பிடித்து, உலோகம் எதையும் ஓவனுக்குள் வைக்கவே கூடாது, வைத்தால் தீப்பொறி பறக்கும் என்று எச்சரித்து, தண்ணீரோடு அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன். அப்படியானால் பீங்கான் தட்டு வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்றேன். அவர் உள்ளே போய், விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த அருமையான தட்டைத் துடைத்துக் கொண்டுவந்தார். வெள்ளைப் பீங்கான், விளிம்பைச் சுற்றித் தங்கக் கோடு. அந்தக் கோட்டைப் பெயின்ட் என்று நினைத்தேன். என் பி.காமில் அதையெல்லாம் சொல்லித் தரவில்லை.

பொத்தானை அழுத்திய மூன்றாவது நொடி உள்ளே சடசடவென்று தீபாவளி தொடங்கியது. தட்டின் விளிம்பைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகப் பொறி ஓடியது. தட்டு சுழலச் சுழலப் பொறியும் சுழன்றது. உள்ளபடி சொன்னால் பார்க்க மிக அழகாக இருந்தது. பாக்கியம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். 'டப்' என்று டிரிப் ஆகி வீட்டு ஃபேன்கள் எல்லாம் நின்றன. குருசாமி அய்யா எழுந்து போய், டிரிப்பர் ஸ்விட்சைத் தூக்கிவிட்டு, மறுபடி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

நான் கேமராவைப் பார்த்து, "உலோகம் வைத்தால் என்ன ஆகும் என்பதை இப்போது பார்த்தோம்" என்றேன்.

இரண்டாவது முறை தட்டே வேண்டாம் என்று ஓவனின் சொந்தக் கண்ணாடித் தட்டிலேயே துண்டுகளை வைத்தேன். ஒருமுறை அழுத்தினால் ஒரு நிமிடம் ஓடும் பொத்தான் அதில் உண்டு. ஒருமுறை அழுத்தினேன். போதுமா என்ற சந்தேகத்தில் இன்னொருமுறை. பதற்றத்தில் ஒன்று. அப்புறம், பொத்தான் எவ்வளவு மென்மையாக இருக்கிறது பாருங்கள் என்று நேயர்களுக்குக் காட்ட இரண்டு. ஓவன் உறுமிக்கொண்டிருக்க, நான் கேக், பாப்கார்ன், குழந்தைகள் பூட்டு என்று பயிற்சியில் படித்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தேன். பேசப் பேச எனக்கே உற்சாகம் தாங்கவில்லை. அந்த ஓவனை நானே வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

மணி அடித்தது. கதவைத் திறந்தால், கொள்ளை அழகு. சீஸ் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி பறக்கிறது. பாக்கியம் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது. உடனே கொடுத்திருந்தாலாவது ஏதோ தப்பித்திருப்பேன். வாய் பொத்துப்போகும், கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்லி, அந்த இடைவெளியில் ஓவனைத் துடைக்கும் முறையை விளக்க ஆரம்பித்தேன்.

மைக்ரோவேவில் அளவுக்கு மேல் சூடான ரொட்டி ஆறும்போது என்ன ஆகும் என்பது பௌதீகம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முடிவு. முதல் துண்டைப் பாக்கியம் அம்மா ஆசையாக எடுத்துக் கடித்தார். கடித்த இடம் வரவில்லை. கழுத்தைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுக்க, ஒரு துணுக்கு பிய்ந்து வாய்க்குள் போனது. மெல்லத் தொடங்கினார்.

அந்த அம்மாவின் விசுவாசத்தை நான் உள்ளவரை மறக்க மாட்டேன். அவர் என் கட்சி. நன்றாக இருக்கிறது என்று சொல்லத் துடித்தார், ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. மென்றார், தலையை ஆட்டினார், கட்டைவிரலை உயர்த்தினார், மறுபடி மென்றார். கண் கலங்கிவிட்டது. ஃபேன் சத்தத்தைத் தவிர அந்தக் கூடத்தில் அவர் மெல்லும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

குருசாமி அய்யா தன் துண்டை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடிக்கவில்லை. மேசைமேல் மெதுவாக வைத்தார். 'டக்' என்று சத்தம் வந்தது, கேரம்போர்டு காயை வைத்ததுபோல.

"இங்கன வாத்தா" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு அடுப்படிக்கு நடந்தார்.

இந்த இடத்தில் நான் செய்ததற்குத்தான் எனக்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை. அண்ணாச்சி தன் ஃபோனை எங்கேயும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால் அதை எடுத்துக் கையில் பிடித்தபடி பின்னாலேயே போனேன். லைவ் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது சுத்தமாக மறந்துவிட்டது.

அய்யா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். முதல்நாள் அவரும் தேனிக்கு வந்து பீட்சா வாங்கியிருந்தார். இறுக்கமான மூடி. திறந்தால் உள்ளே ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் வாழையிலை நறுக்கு வைத்து அடுக்கியிருந்தார். ஒன்றோடொன்று ஒட்டவில்லை, வேறெந்த வாசமும் ஏறவில்லை, மேலே போட்டிருந்த ஒரு வெங்காயம்கூட இடம் மாறவில்லை. வாங்கிய அட்டையோடு வைத்தால் அட்டை ரொட்டியின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் என்றார். பிறகு தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி, தீயைச் சின்னதாக வைத்து, எண்ணெய் இல்லாமல் இரண்டு துண்டுகளைப் போட்டார். ஏலக்காய் தரம் பிரிக்கிற கை அது, அவ்வளவு நிதானம். அடிப்பக்கம் லேசாக முறுகி வாசம் வந்ததும் கல்லின் ஓரத்தில், பீட்சாமேல் படாமல், விரல்நுனியால் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். சுர்ரென்று ஆவி கிளம்பியதும் ஒரு மூடியைக் கவிழ்த்தார்.

"அடி முறுகணும், மேல உருகணும். ரெண்டும் ஒரே தீயில ஆகாது. கீழ கல்லு பாத்துக்கிரும், மேல ஆவி பாத்துக்கிரும்."

மூடியை எடுத்தார். நான் என்னை மறந்தேன். சீஸ் அப்போதுதான் உருகிக் கண்ணாடிபோல மினுங்குகிறது. எனக்கு ஒரே பரவசம். எதற்கென்றே தெரியாமல் கையிலிருந்த ஃபோனைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். (மூன்று டெமோ காட்சிகளில் தெளிவாகவும் ஆடாமலும் வந்தது அது ஒன்றுதான் என்று பிற்பாடு பலரும் பாராட்டினார்கள்.) அய்யா ஒரு துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். கடித்தேன். அடி மொறுமொறுவென்று உடைந்தது, நடுவில் பஞ்சு, மேலே சீஸ் நூலாக இழுபட்டது. முதல்நாள் சாயங்காலம் கடையிலிருந்து சூடாக வாங்கிச் சாப்பிட்டதுகூட இவ்வளவு நன்றாக இல்லை.

அப்போதுதான் என் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே, மனதாரச் சொன்னேன்.

"இதுக்கு எதுக்கு சார் ஓவன்?"

சொல்லி முடித்துவிட்டுத் தற்செயலாக ஃபோனைப் பார்த்தேன். திரையில் கருத்துகள் மழைபோல ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் எத்தனை சொட்டு என்று ஒருவர் கேட்டிருந்தார். அது இரும்புக் கல்லா, நான்ஸ்டிக்கா என்று இன்னொருவர். எங்கள் அம்மா, அக்கம்பக்கத்து ஃபோன் எதிலிருந்தோ, 'பூ பக்கத்தில் வைத்தது நான்தான், பிள்ளையைத் திட்டாதீர்கள்' என்று போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கீழே, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அண்ணாச்சி போட்ட ஒரே ஒரு சொல்: 'சுகன்யா'.

அது என் பெயர்தான். ஆனால் அவ்வளவு தனிமையாக என் பெயரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

லைவை நிறுத்தக் கை தேடியது, பொத்தான் கிடைக்கவில்லை. அதற்குள் பாக்கியம் அம்மா வாயில் இருந்ததை ஒருவழியாக விழுங்கிவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டார். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கட்சி மாறியவள் நான். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி கணவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக விடிந்தது.

"இம்புட்டுப் பக்குவமாச் சுடுற ஆளு அவுகளா இருக்கயில, நான் எதுக்குக் கிடந்து சாகுறேன்?" என்றார். "பாப்பா, ஓவன் வேணாம். அவுகளுக்குன்னு தனியா ஒரு கல்லு கொண்டாந்து குடு. இன்னிமே பீட்சாவும் அவுகதேன், ராத்திரிக்குத் தோசையும் அவுகதேன்."

குருசாமி அய்யா கரண்டியோடு அப்படியே நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. (நான் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.) தோசை தனக்குச் சரியாக வராது என்று சொல்ல வாயெடுத்திருப்பார் போல. ஆனால் அதைச் சொன்னால் இவ்வளவு நேரம் காட்டிய கைவண்ணத்துக்கு மரியாதை இல்லாமல் போய்விடும். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை, ஒரே கடையில் ஏமாந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுபோல இருந்தது.

திரும்பும் வழியில் செந்தில் அண்ணன் எதுவும் கேட்கவில்லை. அவரும் லைவ் பார்த்திருந்தார். ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினார், ஆனால் தேனி வரும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் ஓவன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'டொங்' என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தது. நான் அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இனி எந்தக் கடையில் வேலை கேட்பது என்று ஒரு பட்டியலும் போட்டு முடித்திருந்தேன்.

கடையில் அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் அழுவதற்குத் தயாராகப் போய் நின்றேன். அவர் ஃபோனை வாங்கினார், அதில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, அவருடைய லைவ் எதையும் இவ்வளவு பேர் பார்த்ததில்லை என்றார், கொஞ்சம் பொறாமையோடு. காலையிலிருந்து கடைக்கு வந்த ஃபோன்களில் ஒன்றுகூட ஓவனைப் பற்றி இல்லையாம். எல்லோரும் அதே மாதிரிக் கல்லும் அதே மாதிரி மூடியும் கேட்கிறார்களாம்.

"உன்னைய நிரந்தரமாக்குறேன். ஆனா மாடிப்பக்கம் மட்டும் தல காட்டிராத" என்றார்.

அன்றைக்கு மதியமே கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். ஏசி போனது. ஆனால் அந்த மாதம் நான் விற்ற தோசைக்கற்களை அடுக்கினால் மாடியையே தொட்டிருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் என் முகத்தை உற்றுப் பார்த்து, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல சிரித்து, மூடியோடு சேர்த்து ஒன்று வாங்கிக்கொண்டு போவார்கள். பாக்கியம் அம்மா கேட்ட கல்லை நானே பொறுக்கியெடுத்து அனுப்பினேன். குருசாமி அய்யா இப்போது முறுகல் தோசையில் பெரிய ஆள் என்று கேள்வி.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வங்கியில் வேலை, சின்னமனூர்க்காரர். பெண்ணுக்குப் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நான் காபித் தட்டோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அக்கா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தன் தம்பியின் காதில் எதையோ சொன்னார். மாப்பிள்ளை குனிந்துகொண்டே, அந்த டப்பாவில் வாழையிலையை எப்படி வைக்க வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டார். எங்கள் அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. அம்மா சிரிப்பை அடக்க உள்ளே ஓடிவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை காலமாகியும் இரண்டு வீட்டிலும் ஒரு பேச்சு நின்றபாடில்லை. எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு வாதத்தை ஆரம்பித்துவிட்டு, பேசப் பேச எதிராளியின் பக்கம் சாய ஆரம்பித்தால், 'போடிக்குப் போயிட்டா' என்பார்கள். காய்கறிக்காரரிடம் விலையைக் குறைக்கப் போய், அவர் கஷ்டத்தைக் கேட்டுவிட்டு இரண்டு கிலோ கூடுதலாக வாங்கிவரும் என் மாமியார் 'போடிக்குப் போனவர்'. விடுப்பை ரத்து செய்ய முடியாது என்று மேலாளரிடம் சொல்லப் போய், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டு வந்த என் கணவர், சபரிமலைக்குப் போகிற மாதிரி மாலைபோட்டே 'போடிக்குப் போனவர்'.

போன வாரம் என் ஆறு வயது மகள் வீட்டில் பூனை வளர்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். முடியவே முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லத்தான் அவளை உட்கார வைத்தேன். அவள் பூனையால் உண்டாகும் நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் கேட்டேன். பூனை எங்கே படுக்கும் என்றும் கேட்டேன். என்ன நிறம் என்றும் கேட்டுவிட்டேன் போல.

கூடத்திலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"பாப்பா, விடாதத்தா. ஒங்கம்மா பாதி வழி போயிட்டா, போடி வந்துருச்சு."

பூனையின் பெயர் பனீர்.